இரண்டு பேர், பேஸ் கிடையாது

வணக்கம். இன்றைக்கு நான் பேசப்போவது இரண்டே பேர் சேர்ந்து நடத்திய ஒரு ராக் குழுவைப் பற்றி. ஒருவர் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவார், இன்னொருவர் டிரம்ஸ், அவ்வளவுதான், தாழ்ந்த சுருதியில் அடித்தளம் போடுகிற பேஸ் கிட்டாருக்கு ஆளே கிடையாது. கார் தொழிற்சாலைகளுக்குப் பேர் போன அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 1997இல் தொடங்கிய ஒயிட் ஸ்ட்ரைப்ஸ்தான் அது.

ஜாக் ஒயிட்டுக்கு சோபாவுக்கு மெத்தை வைத்துத் துணி தைக்கிற வேலை. மெக் ஒயிட், சும்மா விளையாட்டாக டிரம்ஸ் முன்னால் போய் உட்கார்ந்தவர். வெளியே அக்கா தம்பி என்று சொல்லிக்கொண்டார்கள், உண்மையில் கணவன் மனைவி. 2000இல் விவாகரத்தும் ஆனது, ஆனால் குழு கலையவில்லை. சொல்லப்போனால் உலகம் அவர்களைத் திரும்பிப் பார்த்ததே அதற்கு அப்புறம்தான்!

1960களில் வீட்டு கார் ஷெட்டில் கூடி வாசித்த பையன்களால்தான் இந்த இசைக்கு கராஜ் ராக் என்று பேர். அந்தக் கரடுமுரடு இவர்களுக்கு வேண்டியிருந்தது. இரண்டாவது ஆல்பத்தை ஜாக் வீட்டிலேயே பதிவு செய்தார்கள். காசும் புகழும் வந்த பிறகாவது பெரிய ஸ்டூடியோவுக்குப் போயிருக்கலாம், உடனே போகவில்லை. 2003இல் வந்த 'எலிஃபன்ட்' ஆல்பத்துக்கு லண்டனில் டோ ராக் என்ற சின்ன ஸ்டூடியோவைப் பிடித்தார்கள். எட்டே டிராக், அதாவது எட்டு ஒலிகளை மட்டும் தனித்தனியாகப் பதிவு செய்கிற டேப் இயந்திரம், பெரும்பாலும் 1963க்கு முந்தைய கருவிகள், கணினி பக்கம் கைகூட வைக்கவில்லை.

'செவன் நேஷன் ஆர்மி' அதில்தான் வருகிறது. தொடக்கத்தில் பேஸ் மாதிரி கேட்கிறதே, அது ஜாக்கின் கிட்டார்தான், காலால் மிதிக்கிற பெடல் ஒன்றை வைத்து சுருதியை ஒரு ஸ்தாயி கீழே இறக்கியிருக்கிறார். அதன் அடியில் மெக், அலங்காரம் எதுவும் இல்லாமல், தும், தும், தும். முதல் தடவை கேட்டபோது, என்ன இது, குழந்தை தட்டுகிற மாதிரி இருக்கிறதே என்றுதான் எனக்கும் தோன்றியது. அவருக்கு வாசிக்கத் தெரியாது என்று எழுதியவர்கள் ஏராளம். சரி, அந்த இடத்தில் நாலு உருட்டு உருட்டியிருந்தால் கிட்டாருக்கு மூச்சு விட இடம் இருந்திருக்குமா? 2006 கால்பந்து உலகக் கோப்பையில் இத்தாலி ரசிகர்கள் அந்த மெட்டைத்தான் கூட்டமாகப் பாடினார்கள். பாட்டு யாருடையது என்று பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது.

2007 ஜூன், ஜூலையில் கனடாவின் எல்லா மாகாணங்களிலும் வாசித்த பயணம். ஜூலையில் செயின்ட் ஜான்ஸ் ஊரில், பகலில் தெருவில் மேடை போட்டு, ஜாக் கிட்டாரில் ஒரு சுரம், மெக் டிரம்ஸில் ஒரு அடி, நிகழ்ச்சி முடிந்தது என்று இறங்கிவிட்டார்கள். முழுக் கச்சேரி அன்றைக்கு ராத்திரிதான்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மெக்குக்குக் கடுமையான மனப்பதற்றம் என்று மீதி நிகழ்ச்சிகள் ரத்தாயின. 2011 பிப்ரவரியில் குழு கலைந்ததாக அறிவிப்பு வந்தது. ஜாக் இப்போதும் வாசிக்கிறார், கைதேர்ந்த டிரம்ஸ்காரர்களோடு. அவர்களும் நன்றாகத்தான் வாசிக்கிறார்கள், ஆனால் எனக்கென்னவோ அந்தப் பழைய தும் தும்தான் காதில் நிற்கிறது.