சூப்பர் மார்க்கெட்டில் நாட்டுத் தக்காளி ஏன் கிடைப்பதில்லை?

வணக்கம் மக்களே! இன்றைக்கு எடிட்டிங், மியூசிக் எதுவும் கிடையாது. மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசப்போகிறேன். கீழே நாய் குரைத்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு: எங்கள் ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். அப்பா தக்காளியும் முருங்கையும் போடுகிறார். நான் திண்டுக்கல்லில் பி.காம். படிக்கிறேன், சாயங்காலம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் காய்கறிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அங்கே ஒரு அக்கா அடிக்கடி கேட்பார்: "தம்பி, நாட்டுத் தக்காளி இல்லையா? இதைப் போட்டு ரசம் வைத்தால் புளிப்பே இல்லை." கேட்டுவிட்டு, ஒரே அளவில் பளபளவென்று இருக்கும் ஹைபிரிட் தக்காளியாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்குவார். அவரைக் குறை சொல்லவில்லை, எல்லோருமே அப்படித்தான் எடுக்கிறார்கள். நானும் கத்தரிக்காய் அப்படித்தான் எடுப்பேன்.

விஷயம் என்னவென்றால், நாட்டுத் தக்காளிக்குத் தோல் மெல்லிசு, உள்ளே சாறும் விதையும் அதிகம். ரசத்துக்கு அதுதான் உயிர். ஆனால் பெட்டியில் அடுக்கினால் அடியில் இருப்பது நசுங்கிவிடும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளிக்கு 14 கிலோ பெட்டிக் கணக்கு. அங்கிருந்து காய்கறி பெரும்பாலும் கேரளாவுக்குத்தான் லாரி ஏறும். ஓணம் நெருங்கினால் எங்கள் ஊரே வேறு மாதிரி இருக்கும், அதை இன்னொரு நாள் சொல்கிறேன். அவ்வளவு தூரம் குலுங்கிப் போய் இறங்கவேண்டும் என்றால் தோல் தடித்த, சதை கெட்டியான ரகம்தான் தாங்கும். அதையும் முழுசாகப் பழுக்கவிடாமல் செங்காயாகவே பறித்துவிடுவோம். அதனால்தான் அப்பா ஹைபிரிட்டுக்கு மாறினார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஏலத்தில் விலை கேட்கிறவர் கையில் அழுத்திப் பார்க்கிறார், வாயில் போட்டுப் பார்ப்பதில்லை.

மாறினதற்குச் செலவும் உண்டு. முன்னால் நல்ல பழமாகப் பார்த்து விதை எடுத்து, சாம்பலில் புரட்டிக் காயவைத்து அடுத்த பட்டத்துக்கு வைத்துக்கொள்வோம். ஹைபிரிட் விதையை எடுத்துவைத்தால் அடுத்த தடவை அதே காய் வராது. ஒவ்வொரு முறையும் நர்சரியில் குழித்தட்டு நாற்று வாங்கவேண்டும். அப்புறம் குச்சி, கயிறு, கட்டுக்கூலி. மண்டியில் கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் கழித்துத்தான் கைக்குக் காசு வரும்.

சரி, கடைக்கு வருவோம். பெட்டி வந்ததும் பிரிப்பதுதான் முதல் வேலை. வெடித்தது, மறு விழுந்தது, வளைந்தது எல்லாம் ஓரம். ருசியில் ஒரு குறையும் இருக்காது, ஆனால் தட்டில் வைத்தால் யாரும் தொடமாட்டார்கள். வெண்டைக்காய்க்கு நேர் எதிர்க் கதை. நல்ல காயாகத்தான் அடுக்குவோம், மாலை முடிவதற்குள் பாதிக்கு நுனி உடைந்திருக்கும். சுரைக்காயில் நகக்குறி. நகம் வைத்தவர் எடுத்துப்போக மாட்டார், வேறொன்றில் நகம் வைத்துப் பார்த்து அதையும் வைத்துவிட்டுப் போவார்! இந்தக் கழிவுக் கணக்கெல்லாம் சேர்ந்துதான் நீங்கள் பார்க்கிற விலை. அதனால் மண்டியில் தக்காளி மலிவாக இருக்கும் நாளிலும் கடையில் அந்த அளவுக்கு இறங்காது.

நடுவில் ஒன்று. இந்த வேலை முழுக்க நின்றுகொண்டுதான். கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தினார்கள். கேரளா அதற்கு முன்பே, 2018-இல் கொண்டுவந்துவிட்டது. எங்கள் கடையில் ஒரு ஸ்டூல் இருக்கிறது. அதன்மேல் எப்போதும் வெங்காய மூட்டை இருக்கிறது.

விலை ஏறும்போது மட்டும் தக்காளி செய்தியில் வரும். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, சென்னையில் ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்றது. அது நல்ல காரியம்தான். ஆனால் பறிப்புக்கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகாமல் வயலிலேயே விட்டுவிடுகிற மாதங்களும் இருக்கின்றன. அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் தக்காளித் தொக்கு, தக்காளிக் குழம்பு, தக்காளிச் சட்னி என்று மாறி மாறி ஓடும்.

நாட்டுத் தக்காளி வேண்டும் என்றால் உழவர் சந்தைக்குப் போங்கள். 1999-இல் மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறந்தார்கள், இப்போது பல ஊர்களில் இருக்கிறது. அடையாள அட்டை வைத்திருக்கிற விவசாயி நேரடியாக விற்கிறார், கமிஷன் கிடையாது. பக்கத்துக் கிராமத்தில் பறித்தது அதிகாலையிலேயே வந்துவிடும், நீண்ட லாரிப் பயணம் இல்லை. அதனால் மெல்லிசுத் தோல் தக்காளியும் அங்கே தாக்குப்பிடிக்கும். என் கணக்கில் அந்த ரகத்தை இன்னும் வயலில் வைத்திருப்பதே அந்தச் சந்தைகள்தான். எங்கள் அம்மாகூட வீட்டுக்குப் பின்னால் நாலைந்து செடி வைத்திருக்கிறார். அது விற்பனைக்கு இல்லை, ரசத்துக்கு.

வாங்கினால் இரண்டு நாளைக்கு மட்டும் வாங்குங்கள். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், குளிரில் தக்காளியின் வாசனை போய்விடும். குருமா, சாலட் என்றால் ஹைபிரிட்டே போதும், அதில் எனக்குச் சண்டை இல்லை.

மணி ஆகிவிட்டது, ஷிப்டுக்குக் கிளம்பவேண்டும். அடுத்த வீடியோவில் உழவர் சந்தையைக் காட்டுகிறேன். காலையில் எழுந்திருக்க முடிந்தால்!