காற்றாலை மானியம்: கேட்டது யார்?

நண்பர்களே, கணக்கிலிருந்தே தொடங்குவோம். ஒரு மெகாவாட் காற்றாலைக்கு 6 கோடி ரூபாய் என்று வையுங்கள். 2012 மார்ச் வரை அதில் 80 சதவீதத்தை முதல் ஆண்டிலேயே தேய்மானமாக, வரி கணக்கிடும் லாபத்திலிருந்து கழிக்கலாம், 4.80 கோடி. 30 சதவீத வரி கட்டும் கம்பெனிக்கு அந்த ஆண்டு 1.44 கோடி மிச்சம். ஆலை எத்தனை யூனிட் கொடுத்தது என்ற கேள்வியே அதில் கிடையாது.

ஆலை அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடினால் பாதித் தேய்மானம்தான். அதனால் செப்டம்பர் கடைசியில் ஓர் அவசரம், மார்ச் கடைசியில் இன்னோர் அவசரம். கன்னியாகுமரி மாவட்டத்தில் காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலில் காற்றுக் காலம் மே முதல் செப்டம்பர் வரை. காற்று ஓய்கிற வாரத்தில் ஆலையை ஓட்டிக் காட்டியவருக்கும் முழுச் சலுகை!

இது லாபத்தில் இருப்பவருக்கான சலுகை. காற்றாலை வைக்கும் நூற்பாலைகளுக்கும், அவர்களுக்குக் காற்றாலை இயந்திரம் விற்பவர்களுக்கும் இனித்தது. மின்சாரம் விற்பதையே தொழிலாகக் கொண்ட புதுக் கம்பெனிக்குக் கழித்துக்கொள்ள லாபமே இருக்காது. அத்தகையோருக்கு ஏற்றபடி 2009 டிசம்பரில் யூனிட்டுக்கு 50 பைசா உற்பத்தி ஊக்கத்தொகை வந்தது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம். ஆகவே ‘காற்றாலைத் துறையின் கோரிக்கை’ என்று செய்தி வந்தால், எந்தத் தரப்பு என்று கேளுங்கள்.

2012 ஏப்ரலில் இரண்டும் நின்றன. முந்தைய ஆண்டு சுமார் 3,200 மெகாவாட் நிறுவிய நாடு சுமார் 1,700-க்கு இறங்கியது. காற்றாலைச் சங்கங்களுக்கு இதைவிட நல்ல மனு ஏது? சலுகை முடியுமுன் அவசரமாக நிறுவியதால் வந்த பள்ளமும் அந்தச் சரிவில் உண்டு. அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. 2013-ல் ஊக்கத்தொகையும் 2014 பட்ஜெட்டில் தேய்மானமும் திரும்பின. 2017-ல் தேய்மானம் 40 சதவீதமானது, ஊக்கத்தொகை முடிந்தது, குறைந்த விலைக்கு மின்சாரம் தருபவருக்கே ஒப்பந்தம் என்ற ஏலம் வந்தது. முதல் ஏலத்திலேயே யூனிட் 3.46 ரூபாய்.

பட்ஜெட்டில் தெரியாத சலுகை ஒன்று நம் தமிழ்நாட்டில் இருக்கிறது, பேங்கிங். காற்றுக் காலத்தில் மிஞ்சும் யூனிட்டை, 2018 மார்ச்சுக்குள் காற்றாலை நிறுவிய நூற்பாலை போன்ற ஆலைகள் மின்வாரியக் கணக்கில் வைத்து, மார்ச் 31-க்குள் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. ஜூலையில் மலிவாகக் கிடைப்பதைக் கொடுத்து, பிப்ரவரியில் திருப்பிக் கேட்டால் வாரியம் வெளிச்சந்தையில் வாங்கியாவது தர வேண்டும். வைத்த யூனிட்டில் ஒரு பங்கைக் கட்டணமாகப் பிடிப்பார்கள். அந்தப் பங்கு எவ்வளவு என்பதில்தான் சண்டை. வாரியம் கையில் காசில்லாதபோது முதல் போட்டவர்கள் நாங்கள் என்று ஆலைகள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

தீர்ப்பது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம். கலந்தாய்வு அறிக்கை வந்தால் எவரும் எழுத்தில் கருத்து அனுப்பலாம். சங்கங்கள் வழக்கறிஞரோடும் பத்தாண்டுக் கணக்கோடும் வருகின்றன. பேங்கிங்கின் பாரத்தில் ஒரு பங்கைத் தன் பில்லில் சுமக்கும் வீட்டுக்காரருக்கு அறிக்கை வந்ததே தெரிவதில்லை.