பழைய ஆண்டுமலரில் அதே முகம்

நேயர்களுக்கு வணக்கம்.

இரவு நேரம். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை ஒருவர் தனியாக உட்கார்ந்து பழைய ஆண்டுமலர்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு மலரில் ஒரு மாணவியின் முகம். இன்னோர் ஆண்டின் மலரைத் திறந்தால் பெயர் வேறு, முகம் அதேதான். பதறிப்போய்த் தன் பழைய மாணவிக்குத் தொலைபேசியில் பேசுகிறார். செத்துப்போன ஜின்ஜூ இன்னும் பள்ளிக்கு வந்துகொண்டிருக்கிறாள் என்று அவர் சொல்லும்போதே பேச்சு அறுந்துபோகிறது. மறுநாள் காலையில் அவர் பிணமாகத் தொங்குகிறார்.

1998-இல் பார்க் கி-ஹ்யுங் இயக்கிய 'விஸ்பரிங் காரிடார்ஸ்' படம் இப்படித்தான் தொடங்குகிறது. இதன் கொரியப் பெயருக்குப் பெண்கள் மேல்நிலைப்பள்ளிப் பேய்க்கதை என்று பொருள். 2021 வரை இந்த வரிசையில் ஆறு படங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் கதை வேறு, ஆட்கள் வேறு. பெண்கள் பள்ளி மட்டும் மாறாது.

கொரியாவின் பழைய பேய்க்கதைகளில் ஆவி வெள்ளை உடையில், கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு வரும். பார்த்தவுடன் தெரிந்துவிடும். பள்ளிப் பேய் சீருடையில் வருகிறது. எல்லோரும் ஒரே உடுப்பு, ஏறக்குறைய ஒரே தலைமுடி. நாற்பது பேருக்கு நடுவில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்தப் படத்தின் மர்மமே அதுதான். எனக்குப் பயத்தைவிட வருத்தம்தான் அதிகமாக வந்தது.

ஜின்ஜூவின் அம்மா ஒரு முதாங், அதாவது சாமியாடிக் குறி சொல்பவர். அதனாலேயே, முதல் காட்சியில் பார்த்த அந்த ஆசிரியை இந்தப் பெண்ணை ஒதுக்குகிறார். அவளுடைய ஒரே தோழி உன்-யோங்கும் விலகிக்கொள்கிறாள். பெரிய சண்டை ஒன்றும் இல்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். பிறகு ஜின்ஜூ இறந்துபோகிறாள்.

ஆண்டுகள் கழித்து உன்-யோங் அதே பள்ளிக்கு ஆசிரியையாக வருகிறாள். முதல் காட்சியில் தொலைபேசி வந்தது இவளுக்குத்தான். இங்கே கொரிய மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 'சிங்கு' என்றால் நண்பர். வழக்கத்தில் அது ஒத்த வயதினருக்கான சொல். ஒரு வயது மூத்தவள் என்றாலும் அக்கா முறை வந்துவிடும், பேச்சில் மரியாதையும் ஏறிவிடும். உன்-யோங் வளர்ந்துவிட்டாள், ஜின்ஜூவுக்கு வயது ஏறவே இல்லை. சிங்கு என்று கூப்பிட வேண்டியவளை ஜின்ஜூ இப்போது 'சொன்செங்நிம்' என்று, டீச்சர் என்று, கூப்பிட வேண்டும். இத்தனை ஆண்டுகள் காத்திருந்தவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை எனக்குத் தோன்றவில்லை.

நடைவழிக் காட்சி ஒன்று இதில் பேர்போனது. வெகுதூரத்தில் அந்த மாணவி நிற்கிறாள். கண் சிமிட்டும் நேரத்தில் பாதி தூரம் வந்துவிடுகிறாள். மறுகணம் திரை முழுக்க அவள் முகம். நடக்கவும் இல்லை, ஓடவும் இல்லை. இடையில் உள்ள படத்துண்டுகளை வெட்டி எடுத்துவிட்டார்கள், வேறு வித்தை கிடையாது.

இதே படத்தில் வகுப்பின் முதல் இரண்டு இடங்களில் இருக்கும் இருவர் உண்டு. முன்பு நெருங்கிய தோழிகள். ஆசிரியர்கள் ஓயாமல் ஒப்பிட்டு ஒப்பிட்டே இருவரையும் பேசாமல் செய்துவிட்டார்கள். இரவு பத்து மணிவரை பள்ளியிலேயே உட்கார்ந்து படிக்கும் வழக்கம் அப்போது அங்கே இருந்தது. அதற்கு 'யாஜா' என்று பெயர். ஆவி உலாவ இருட்டிய பள்ளிக்கூடம் எப்படிக் கிடைத்தது என்பது இப்போது புரியும்.

அடுத்த ஆண்டே வந்த 'மெமெண்டோ மோரி' இன்னும் மென்மையானது. இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி எழுதிய நாட்குறிப்பு மூன்றாவது பெண்ணின் கையில் கிடைக்கிறது. அதைப் பக்கம் பக்கமாக அவள் படிப்பதுதான் துப்பறிதல். அந்த இருவருக்கும் இடையே இருந்தது காதல். ஒருத்தி ஊரார் கண்ணுக்குப் பயந்து பின்வாங்குகிறாள். ஆறு படங்களில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள். நடிகை கோங் ஹியோ-ஜின் முதன்முதலில் திரையில் வந்தது இதில்தான். பதினான்கு ஆண்டுகள் கழித்து 'மாஸ்டர்ஸ் சன்' தொடரில் ஆவிகளைப் பார்க்கும் பெண்ணாக நடித்தவரும் அவரே. அதிலும் பழைய பள்ளித்தோழி ஒருத்தியின் பொறாமை கூடவே வருகிறது.

அப்புறம் 2003-இல் வந்த 'விஷிங் ஸ்டேர்ஸ்'. விடுதிக்குப் போகும் படிக்கட்டில் இருபத்தெட்டுப் படிகள். மனமுருகி வேண்டி ஏறினால் இருபத்தொன்பதாவது படி தோன்றும், நாம் கேட்டதை ஒரு மாய நரி தரும் என்று ஒரு நம்பிக்கை. பாலே ஆடும் இரண்டு தோழிகள், போட்டிக்குப் போக ஒரே ஓர் இடம். சோ-ஹீ கெட்டிக்காரி. ஜின்-சோங் அவளோடு சிரித்துப் பேசியபடியே உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பவள். இவளாகச் சோங் ஜி-ஹியோ நடித்திருக்கிறார்.

ஒருநாள் ஜின்-சோங் தனியாக அந்தப் படிக்கட்டுக்கு வருகிறாள். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறுகிறாள். அவள் வேண்டுவது அந்த ஓர் இடம்தான், தோழியின் உயிரை அல்ல. இருபத்தெட்டு வந்ததும் காலைத் தூக்குகிறாள். பாதத்துக்கு அடியில் படி இருக்கிறது.