வெண்கல வாளை இரும்பு எப்படி ஓரங்கட்டியது?

[திரை: புலாவ் பிரானி, மேலிருந்து]

சிங்கப்பூரில் செந்தோசாவுக்குப் பக்கத்துத் தீவு இது. 1890இல் இங்கே வெள்ளீய உருக்காலை ஒன்று தொடங்கியது. தாது மலாயாவிலிருந்து வந்தது. கொஞ்ச தூரத்தில் புக்கிட் மேரா. அங்கே மண் சிவந்திருக்கக் காரணம் இரும்பு. செம்போடு வெள்ளீயம் கலந்தால்தான் வெண்கலம். வெள்ளீயம் சில இடங்களில்தான் கிடைக்கும். இரும்பு எங்கும் கிடக்கும். போரை மாற்றியது இந்த வேறுபாடுதான்.

[திரை: கடலடியில் செம்புப் பாளங்கள்]

துருக்கிக் கரையோரம், உளுபுருன். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் மூழ்கிய கப்பலில் ஏறக்குறைய 10 டன் செம்பும் 1 டன் வெள்ளீயமும் இருந்தன. வெண்கலத்துக்கு வேண்டிய அதே அளவு! கப்பல் வராவிட்டால் வாள் இல்லை. வணிகத்தைப் பிடித்திருந்த அரண்மனைதான் ஆயுதத்தையும் பிடித்திருந்தது.

கி.மு. 1200ஐ ஒட்டி அந்த அரண்மனைகள் பல சரிந்தன. பிறகு இரும்பு மெல்லப் பரவியது. வலிமையால் அல்ல. உலையிலிருந்து வரும் வெறும் இரும்பு நல்ல வெண்கலத்தைவிட மென்மை, குத்தினால் வளையும்.

[திரை: களிமண் உலை, துருத்தி]

இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும். அன்றைய உலை தந்தது சுமார் 1200. அதனால் இரும்பு ஓடாது; கசடு கலந்த பஞ்சுபோன்ற கட்டியாகத் தங்கும். சுடச்சுட அடித்துக் கசட்டைப் பிழிய வேண்டும். அடி குறைந்தால் கசடு கோடாக உள்ளே நிற்கும். வாள் அந்தக் கோட்டில்தான் பிளக்கும்.

பிறகு கரி நெருப்பிலேயே நெடுநேரம் விட்டால் மேற்புறத்தில் கரிமம் ஏறும். 0.5 முதல் 0.8 விழுக்காடு ஏறினால் நல்ல எஃகு. செக்கச்சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் விளிம்பு கெட்டிப்படும். கரிமம் ஏறாத இரும்பை நூறு தடவை முக்கினாலும் பயனில்லை. ஏறியதை முக்கி அப்படியே விட்டாலோ, மோதலில் கண்ணாடிபோல் உடையும். மறுபடி 200–300 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். வெப்பமானி ஏது? துலக்கிய பரப்பில் வைக்கோல் நிறம் வந்தால் கெட்டியான விளிம்பு. நீலம் வந்தால் வளைந்து கொடுக்கும். இந்த வித்தை கைகூடப் பல நூற்றாண்டுகள் ஆயின.

[திரை: கோர்சாபாத் கிடங்கு, இன்றைய ஈராக்]

அசீரிய மன்னன் இரண்டாம் சர்கோனின் அரண்மனைக் கிடங்கில் சுமார் 160 டன் இரும்பு கிடைத்தது. காலாட்படைக்கே ஆயுதம் கொடுக்கும் கையிருப்பு அது. தமிழ்நாட்டில், முதுமக்கள் தாழிகள் புதைத்த ஆதிச்சநல்லூர் இடுகாட்டிலோ வாள், ஈட்டியோடு கோடரியும் கிடைத்தது. ஊர்க் கொல்லர் ஒருவரே இரண்டையும் அடிக்கலாம். கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

கரி மட்டும் வேண்டும். ஒரு கிலோ இரும்புக்குப் பல கிலோ. கோடரி முதலில் போனது காட்டுக்குத்தான்.