மண்டி போட்டிருந்தால் போதும்

வணக்கம் நேயர்களே. இன்றைக்கு அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காலால் உதைத்துக் கோல் போடுகிற கால்பந்து இல்லை இது, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு நீள்வட்டப் பந்தைக் கையில் இறுக்கிப் பிடித்து ஓடுகிற ஆட்டம். முழு ஆட்டத்தையும் விளக்கப் போவதில்லை. கடைசி இரண்டு நிமிடம், அதில் பயிற்சியாளர் என்ன செய்கிறார், அவ்வளவுதான்.

2023 அக்டோபர் 7, சனிக்கிழமை இரவு. மயாமி பல்கலைக்கழகமும் ஜார்ஜியா டெக்கும் மயாமியில் மோதின. மயாமி அதுவரை அந்தப் பருவத்தில் தோற்கவே இல்லை. 20-17 என்று முன்னணியில் இருக்கிறார்கள், பந்தும் அவர்கள் கையில், ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை, கடிகாரத்தை நிறுத்தக் கேட்கும் டைம் அவுட் ஜார்ஜியா டெக்கிடம் ஒன்றுகூட இல்லை.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு. பந்தோடு ஓடுகிறவர் கோட்டுக்குள்ளேயே விழுந்தால் கடிகாரம் நிற்காது, ஓடிக்கொண்டேதான் இருக்கும். அடுத்த முயற்சியைத் தொடங்க அந்த அணிக்கு 40 நொடி அவகாசம் உண்டு. ஆகவே ஆட்டத்தில் 40 நொடிக்கும் குறைவாக மிஞ்சியிருந்து, கடிகாரத்தை நிறுத்த எதிரணியிடம் டைம் அவுட்டும் இல்லையென்றால், ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் பந்தை வாங்கி ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினால் போதும், அந்த முயற்சி அங்கேயே முடியும், கடிகாரம் மட்டும் ஓடும், ஆட்டம் முடிந்தது. நமக்கு மண்டி போடுவது என்றால் பள்ளிக்கூடத்துத் தண்டனைதான் ஞாபகம் வரும். அங்கே வெற்றி பெற்றவர்கள் போடுவது அது.

மயாமி மண்டி போடவில்லை. பந்தை ஓட்டக்காரரிடம் கொடுத்து முன்னே போகச் சொன்னார்கள். அவரை மடக்கினார்கள், பந்து நழுவியது, ஜார்ஜியா டெக் அள்ளிக்கொண்டது. அப்போது கடிகாரத்தில் 26 நொடி. போக வேண்டிய தூரம் 74 கஜம். அந்த 26 நொடிக்குள் அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஹேன்ஸ் கிங் எறிந்த பந்துகள் அத்தனை தூரத்தையும் கடந்தன, கடைசியாக 44 கஜம் பறந்த ஒன்றை கிறிஸ்டியன் லியரி பிடித்து, எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டி, டச் டவுன் ஆக்கினார். மிச்சம் ஒரே ஒரு நொடி. 23-20, ஜார்ஜியா டெக் வெற்றி.

பந்தை நழுவவிட்ட பையனின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. தவறு அவனுடையது இல்லை. ஓடு என்றார்கள், ஓடினான். கூட்டத்துக்குள் ஓடினால் பந்து நழுவும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதனால்தான் அந்த நேரத்தில் ஓடவே வைக்கக் கூடாது. பயிற்சியாளர் மாரியோ கிறிஸ்டோபல் பிறகு அது தன் தவறு என்று ஏற்றுக்கொண்டார். ஆனால் என்னை உறுத்துவது வேறு. 2018 செப்டம்பரில் அவர் ஓரிகன் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளராக இருந்தபோது, ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராக, இதே மாதிரி முன்னணியில் இருந்து, ஒரு நிமிடத்துக்குள், இதே மாதிரி ஓடவிட்டு, இதே மாதிரி பந்து நழுவியது. ஸ்டான்ஃபோர்டு சமன் செய்து கூடுதல் நேரத்தில் 38-31 என்று ஜெயித்தது. அன்றைய கணக்கு கொஞ்சம் சிக்கலானது, ஒரு தடவை மண்டி போட்டதும் ஆட்டம் முடிந்திருக்காது. மயாமியில் அந்தச் சிக்கல்கூட இல்லை.

அவருக்குக் கூட்டல் கழித்தல் தெரியாதா? தெரியும். வாரம் முழுக்க பையன்களிடம் முட்டு, மோது, கடைசிவரை விடாதே என்று சொல்லிச் சொல்லிப் பழகியவருக்கு, சும்மா இரு என்று சொல்ல வாய் வருவதில்லை, அதுதான் என் எண்ணம். சுற்றிலும் பல்லாயிரம் பேர் கத்துகிறார்கள், காதில் ஹெட்செட்டில் நாலு குரல். அந்த நேரத்தில் உட்கார்ந்து கணக்குப் போட யாராலும் முடியாது. முன்கூட்டியே ஒரு அட்டையில் எழுதி, இத்தனை நொடி, எதிரணிக்கு இத்தனை டைம் அவுட், அப்படியானால் மண்டி என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதைப் பார்த்துச் சொல்வதற்கென்றே ஒரு ஆள் வேண்டும், தலைமைப் பயிற்சியாளர் அந்த ஆள் பேச்சைக் கேட்கவும் வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம்.

பின்தங்கியிருக்கும் அணிக்கு இதே கடிகாரம் வேறு மாதிரி எதிரி. 2009 நவம்பரில் எல்.எஸ்.யூ. என்கிற லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணி, ஓல் மிஸ் என்று அழைக்கப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழகத்திடம் 25-23 என்று பின்தங்கியிருந்தது. டைம் அவுட் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல் பத்து நொடிக்கும் மேல் வீணாக்கினார்கள். அப்புறமும் அதிர்ஷ்டம் விடவில்லை, கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சியில் 43 கஜம் கிடைத்தது, கோல் கோட்டுக்கு 5 கஜம், மிச்சம் ஒரு நொடி. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுக்கும் ஃபீல்ட் கோல் ஒன்று போட்டால் வெற்றி. ஆனால் உதைக்கும் குழு தயாராக இல்லை. குவார்ட்டர்பேக் கடிகாரத்தை நிறுத்துவதற்காகப் பந்தைத் தரையில் அடித்தார், அந்த அடியிலேயே ஒரு நொடியும் போய்விட்டது. இப்போது விதியே இருக்கிறது: 2013 முதல், குறைந்தது 3 நொடி இருந்தால்தான் பந்தைத் தரையில் அடித்து இன்னொரு முயற்சி எடுக்க முடியும்.

சரி, கடிகாரத்தை நன்றாகப் படித்தவர்களும் உண்டு. 2024 அக்டோபரில் ஓரிகன் ஒரு புள்ளி முன்னணி, 32-31, ஒஹையோ ஸ்டேட்டிடம் பந்து, மிச்சம் 10 நொடி. ஓரிகன் 11 பேருக்குப் பதிலாக 12 பேரோடு தடுத்தது. அபராதம் 5 கஜம்தான், ஆனால் அந்த முயற்சியில் கரைந்த 4 நொடி திரும்பி வரவில்லை. மிஞ்சிய 6 நொடி ஒஹையோ ஸ்டேட்டுக்குப் போதவில்லை. ஓரிகன் பயிற்சியாளர் டான் லானிங் இதை வேண்டுமென்றே செய்தார் என்றுதான் பலரும் எடுத்துக்கொண்டார்கள், அவரும் பெரிதாக மறுக்கவில்லை. இது நேர்மையா என்று கேட்டால் எனக்குப் பிடிக்கவில்லை என்றுதான் சொல்வேன், விதியில் ஓட்டை இருந்ததும் உண்மை. சில நாட்களிலேயே அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் இப்படிச் செய்தால், எதிரணி விரும்பினால் கரைந்த நொடிகள் திரும்பக் கடிகாரத்தில் ஏறும்.

மயாமி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தை நான் இன்னும் எடுத்துப் பார்ப்பதுண்டு. ஓட்டக்காரரிடம் பந்து போவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் இரண்டு அணியும் வரிசையில் நிற்கின்றன, கடிகாரம் ஓடுகிறது, ஓரத்திலிருந்து யாராவது ஒருவர் கத்தித் தடுத்திருக்கலாம். ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வந்ததும் நிறுத்திவிடுகிறேன்.