நஞ்சிலிருந்து தப்பிய நோஞ்சான் ஈஸ்ட்

[காட்சி: நுண்ணோக்கியில் ஓர் ஈஸ்ட் செல்]

முட்டை வடிவில் ஒரு செல், அதன் ஓரத்தில் கடுகு ஒட்டினாற்போல ஒரு மொட்டு. நம் கதை நடப்பது அந்த மொட்டு முளைக்கும் இடத்தில்தான்.

ஈஸ்ட்டைச் சுற்றிக் கெட்டியான சுவர் உண்டு. உள்ளேயிருந்து நீரின் அழுத்தம் முட்டிக்கொண்டே இருக்கும். சுவர் விட்டுக்கொடுத்தால் செல் வெடித்துவிடும். குளுக்கோஸைச் சங்கிலியாகக் கோத்த பீட்டா-1,3-குளுக்கன் என்ற நார்தான் சுவருக்குப் பலம். மொட்டு விடும்போதோ அதே சுவரை இளக்கிப் புதிதாகக் கட்டவும் வேண்டும். குடியிருந்துகொண்டே வீட்டுச் சுவரை இடித்துக் கட்டியவர்களுக்கு இந்தத் தலைவலி புரியும்.

[காட்சி: தட்டில் செத்த செல்களுக்கு நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி]

ஹான்சனூலா மிராக்கி என்ற வேறொரு ஈஸ்ட், கே9 என்ற நஞ்சைச் சுரந்து மற்ற ஈஸ்ட்டுகளைக் கொல்லும். அந்த நஞ்சையே ஆய்வாளர்கள் சல்லடையாக்கினார்கள். பேக்கரி ஈஸ்ட்டை அதில் வளரவிட்டு, சாகாததைப் பொறுக்கினார்கள். அப்படிப் பிழைத்த ஒன்றில் பழுதாகியிருந்த ஜீன்தான் கேஎன்ஆர்4. ‘கில்லர் நைன் ரெசிஸ்டன்ட்’ என்பதன் சுருக்கம். ஏழாவது குரோமோசோமில் இருக்கிறது; அதன் புரதத்தில் 505 அமினோ அமிலங்கள்.

பிழைத்தது பலசாலி என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை. 1994இல் வெளியான ஆய்வில், இந்த ஜீனை நீக்கினால் சுவரில் குளுக்கனும் குறைகிறது, அதை நெய்யும் நொதியின் வேலையும் குறைகிறது என்று தெரிந்தது. கே9 தாக்குவது குளுக்கன் கட்டும் இடத்தை. கட்டுமானமே மந்தமாக இருந்தால் நஞ்சுக்குப் பிடி கிடைக்காது. குளுக்கனை அரிக்கும் சைமோலியேஸ் நொதியும் இந்த ஈஸ்ட்டிடம் திணறியது. ஆனால் சுற்றியுள்ள கரைசலின் அடர்த்தி மாறினால் போதும், ஈஸ்ட்டே திணறிவிடும்!

சரி, கேஎன்ஆர்4 செய்வது என்ன? அது நாரை நெய்வதில்லை. நெய்வது எஃப்கேஎஸ்1 என்ற நொதி, அதை முடுக்குவது ரோ1 என்ற புரதம். கேஎன்ஆர்4 மேஸ்திரி மாதிரி. சுவருக்கு ஆபத்து வந்தால் வேலை செய்யும் எஸ்எல்டி2 என்ற புரதத்தோடு சேர்ந்து இயங்குகிறது. மேஸ்திரி இல்லாவிட்டாலும் செல் செத்துவிடாது. பூச்சிகளின் ஓட்டில் உள்ள கைட்டினைக் கூடுதலாகப் பூசிச் சமாளிக்கும்.

[காட்சி: மருந்துக் குப்பி]

அப்புறம், பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் காஸ்போஃபங்கின். அதுவும் குளுக்கன் நெய்யும் நொதியைத்தான் முடக்குகிறது. நம் செல்களுக்கு அப்படியொரு சுவரே கிடையாது. ஆனால் கே9இடம் தப்பிய நம் நோஞ்சானிடம் ஏற்கெனவே குளுக்கன் குறைவு; அதனால் இந்த மருந்திடம் மற்ற ஈஸ்ட்டுகளைவிடச் சீக்கிரம் விழுந்துவிடும்.