மேலே குழி, கீழே பீலி

எல்லாருக்கும் வணக்கம். வெளியே மழை கொட்டுகிறது, தகரத்தில் விழுகிற சத்தத்தில் கடைசி வரிசைக்கு என் குரல் கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குங்கள். இப்படி மழை பெய்கிற நம் மலையகத்து ஹட்டனில் நின்றுகொண்டு தண்ணீர் குறைகிறது என்று ஒருவர் பேசினால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது, போன மாசி மாதம் வரைக்கும்.

நான் பிறந்த லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பின்னால் ஊற்றுத் தண்ணீர் குழாயில் விழுகிற ஒரு பீலி உண்டு. அம்மா வாளியை வைத்துவிட்டு, அவிழ்ந்த முடியை அள்ளிக் கொண்டை போட்டு நிமிர்வதற்குள் வாளி நிரம்பி வழிந்துவிடும். மாசியில் போய் அதே அளவு வாளியை வைத்து, கைப்பேசியில் நேரம் பார்த்தேன். நான்கு நிமிடம் ஆனது. குழாய் வாயில் பாசி பிடித்து, தண்ணீர் நூல் மாதிரி இறங்குகிறது. நிமிர்ந்து பார்த்தால், அன்று காடாக இருந்த சரிவில் லொட்ஜ், கடைகள், வீடுகள், வாகனம் நிறுத்த கொங்கிரீட் போட்ட முற்றம்.

யாழ்ப்பாணத்தில் நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல், அது தண்ணீரைத் தன்னுள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். நம் காலுக்குக் கீழே இருப்பதோ இறுகிப்போன கரும்பாறை. இங்கே தண்ணீர் தங்குவது பாறைக்கு மேலே உக்கிப்போய்க் கிடக்கிற மண்ணிலும், பாறையில் ஓடுகிற வெடிப்புகளிலும்தான், வேறு இடமே இல்லை. அந்த மண் மழையைக் குடித்து மெல்ல மெல்லக் கீழே அனுப்பும், சரிவு எங்கே அதை வெட்டுகிறதோ அங்கே ஊற்றாக வெளியே வரும், அதைத்தான் நாம் பீலி என்கிறோம். தை, மாசி, பங்குனியில் மழை இல்லாதபோதும் பீலி ஓடியது அந்த மண் சேர்த்து வைத்ததால். அதன் மேலே கூரையும் கொங்கிரீட்டும் போட்டுவிட்டால் மழை மண்ணுக்குள் போகாது, வடிகால் கானில் விழுந்து அன்றைக்கே ஆற்றுக்குப் போய்விடும். வருஷத்து மழை குறையாமலே பீலி வற்றுவது இப்படித்தான்.

மண்ணுக்குள் எல்லாம் ஒன்றோடொன்று தொடுத்திருக்கிறது என்பதைப் பண்டாரவளைக்காரர்களிடம் கேளுங்கள். 2014 கடைசியில் உமா ஓயா ஆற்று நீரைத் திருப்பும் திட்டத்துக்குச் சுரங்கம் தோண்டும்போது உள்ளே தண்ணீர் பீறிட்டது. மேலே ஊர்களில் கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. அவர்கள் கிணற்றை யாரும் தொடக்கூட இல்லை.

சரி, அளவு போகட்டும், தரத்துக்கு வருகிறேன், எனக்கு அதிகம் பயம் தருவது அதுதான். சமவெளியில் மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே இத்தனை அடி விடு என்று சொல்லிவிடலாம். மலையில் என் வீட்டுக் குழி உங்கள் பீலிக்கு மேலே இருக்கிறது. மண் ஆழமாக இருந்தால் ஓரளவு வடிகட்டும், ஆனால் கழிவு பாறை வெடிப்பில் இறங்கிவிட்டால் அப்படியே நேராகக் கீழே வரும். 2007இல் கம்பளையில் பரவிய செங்கமாரி உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஈரல் அழற்சி ஏ என்கிற அந்த நோய் பெரும்பாலும் மலம் கலந்த தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வரும். தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், ருசியும் மாறாது. இலங்கைத் தரப்படி குடிநீரில் 100 மில்லிலீட்டருக்கு மலம் கலந்ததைக் காட்டுகிற ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது, கண்ணால் பார்த்து அதைச் சொல்ல யாராலும் முடியாது.

கொதிக்க வைத்துக் குடிக்கிறோமே என்பீர்கள், நல்லது, விடாதீர்கள், கிருமி சாகும். ஆனால் நுவரெலியாப் பக்கம் உருளைக்கிழங்கு, லீக்ஸ் பாத்திகளில் அள்ளிப் போடுகிற உரத்திலிருந்து மண்ணுக்குள் இறங்குகிற நைத்திரேற்று என்கிற உப்பு கொதித்தால் போகாது. தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். லீட்டருக்கு 50 மில்லிகிராம் தாண்டினால், புட்டிப்பால் குடிக்கிற பச்சைக் குழந்தைக்கு இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்து உடம்பு நீலமாகிவிடக்கூடும். மரக்கறித் தோட்டக்காரர்களைத் திட்ட நான் வரவில்லை, அவர்களும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். லயத்துக்கு ஒருவர், ஒரு கொப்பி, ஒரே வாளி. ஞாயிறு காலை எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று எழுதுங்கள், பக்கத்திலேயே அந்த வாரம் மழை பெய்ததா என்றும் எழுதுங்கள். பீலிக்கு மேலே எத்தனை குழி இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று ஒரு படம் வரையுங்கள், பிள்ளைகள் அழகாக வரைவார்கள். அந்தப் படத்தையும் கொப்பியையும் கொண்டுபோய் பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ.யிடம் கொடுத்துத் தண்ணீரைச் சோதிக்கக் கேட்டால், அவருக்கும் எங்கே மாதிரி எடுப்பது என்று தெரியும். மாதிரிப் போத்தலைக் கழுவித் துடைத்து வீட்டிலிருந்து கொண்டுபோகாதீர்கள், கிருமி நீக்கிய போத்தல் அவர்களே தருவார்கள், நிரப்பியதும் ஐஸில் வைத்து அன்றைக்கே ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

கொப்பிகள் வாசலில் மேசை மேலே இருக்கின்றன. போகும்போது எடுத்துக்கொண்டு, உங்கள் தோட்டத்துப் பெயரை அங்கே இருக்கிற தாளில் எழுதிவிட்டுப் போங்கள்.